நட்டாற்றில் ஒரு வெற்றிலை

பெரம்பலூரில் படகுக் கம்பெனி என்று சொல்லும்போது சிரிக்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் சொந்தத் தம்பியே சிரித்தான். "ஏரியே வருசத்துல பாதி நாளு காஞ்சி கெடக்கு, நீ எதுல போட்டு வுடப் போற?" என்று கேட்டான். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம், ஒரு பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை, மறுபக்கம் பரோட்டா ஓட்டல், நடுவில் நம் கொட்டகை. லாரிக்காரர்கள் படகைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி, மீன் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். உங்களையும் வீட்டில் யாராவது கிண்டல் செய்திருப்பார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

சிமென்ட் ஆலை ஒன்றில் மின் பராமரிப்பில் வெகுகாலம் இருந்துவிட்டு, பிறகு இந்தக் கொட்டகைக்கு வந்து, டீசல் படகுகளைப் பேட்டரிக்கு மாற்றிக்கொடுத்து, இப்போது அதிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம், கொட்டகையில் என்னோடு வேலை பார்த்த கார்த்தி போன் செய்து, "மேடம், புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த நாலு வார்த்தையில எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்திருந்தால் என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார். எந்த மோட்டார், எவ்வளவு தடிமனான கேபிள் என்பதையெல்லாம் கார்த்தி சொல்லித் தருவார். அதில் அவர் கெட்டிக்காரர். நான் ஒரே ஒரு படகின் கதையை மட்டும் சொல்கிறேன். அதில் கார்த்தியும் வருகிறார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். கேட்கவில்லை என்று அவர் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் கொள்ளிடக் கரையில் ஒரு ஊர். வடதுறை என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரைப் போட்டால் செல்லம்மா என்னிடம் சண்டைக்கு வருவார். செல்லம்மா யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்த ஊர்ப் பெண்களுக்கு அக்கரையில்தான் பிழைப்பு. தஞ்சாவூர்க் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. வெயில் ஏறும் முன்னே போய் வெற்றிலை கிள்ளியாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் நடந்துவிடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் பஞ்சாயத்துப் படகுதான். பாலத்தைச் சுற்றிப் போனால் பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் உச்சி வெயில் வந்துவிடும், அன்றைய வேலை போய்விடும்.

அந்தப் படகில் இருந்தது ஒரு பழைய டீசல் எஞ்சின். அது கக்கும் புகையைக்கூட மன்னித்துவிடலாம். ஆற்றுக்குள் குடிநீர்க் கிணறுகள் இருக்கின்றன, பெரம்பலூரில் உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் கொள்ளிடத்துத் தண்ணீர்தான். அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே எஞ்சின் எண்ணெயைச் சொட்டிக்கொண்டு தினமும் போய்வந்தது. மாற்ற வேண்டும் என்று முடிவானதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் கேஸ் வைக்கலாம் என்றார். இன்னொருவர் புங்க எண்ணெயில் ஓட்டலாம் என்று சொல்லி, ஊரிலுள்ள புங்க மரங்களையெல்லாம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், ஆற்றில் எதுவும் சொட்டாதது பேட்டரிதான் என்று நம்மிடம் வந்தார்கள்.

வேலை தொடங்கும் முன் அந்த டீசல் படகில் ஒருமுறை அக்கரை போய்வந்தேன். ஓட்டியவர் முத்தையன். காதே செவிடாகும் சத்தம். அவர் சட்டைப் பையில் மடித்த வெற்றிலை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றின் முக்கால் தூரம் போன பிறகு அதை எடுத்து வாயில் போட்டார். உடனே படகிலிருந்த அத்தனை பெண்களும் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, மடியில் விரித்து, வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார்கள். அதுவரை ஒருவர் வாயும் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். ஐம்பது வயது இருக்கும், வெற்றிலை கிள்ளும் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. அவர்தான் செல்லம்மா.

"அக்கரைக்கு முன்னால ஒரு மடு இருக்குங்க. ஆழம். சுழிச்சி இழுக்கும். அதத் தாண்டுற வரைக்கும் ஓட்டுறவரு வெத்தலை போட மாட்டாரு. வாயி நெறைய எச்சில வச்சிக்கிட்டு எப்புடி சத்தம் குடுக்கறது? அவரு போட்டுட்டாருன்னா மடு தாண்டியாச்சுன்னு அர்த்தம். அப்பறந்தான் நாங்க."

அந்த ஊருக்கு அதுதான் வழக்கம். கேட்டுக்கொண்டேன், ரசித்தேன், மறந்துவிட்டேன். கார்த்தி நீள அகலம் அளந்துகொண்டிருந்தார்.

நாங்கள் படகை மாற்றிக்கொண்டிருந்தபோது முத்தையன் பக்கத்து ஊரில் யாருடைய எஞ்சினையோ கிளப்பப் போனார். சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் திருப்பி அடித்துத் தோள் இறங்கிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. படகு தயார், ஓட்ட ஆள் இல்லை. அப்போது அவர் மனைவி ராசாத்தி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் படகில் கயிறு பிடித்தவர். "ஹேண்டில் போட்டுச் சுத்துறதுன்னா எனக்கு ஆவாது. இது சாவியத் திருவுறதுதான? நான் திருவுறேன்" என்றார்.

பேட்டரியால் என்ன மிச்சம் என்று நாளைக்கு யாராவது உங்களைக் கேட்டால் புகை, டீசல் என்றெல்லாம் சொல்வீர்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ராசாத்திக்கு வேலை அப்படிச் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. பொம்பளை ஓட்டுகிற படகில் ஏறுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மேலிடத்து அதிகாரி, தண்ணீர் இருக்கும் காலம் முழுக்கச் சோதனை ஓட்டம் என்றும், ஒரு குறை வந்தாலும் படகை நிறுத்திவிடுவேன் என்றும் சொல்லி அனுமதி கொடுத்தார். பழைய எஞ்சின் அதற்குள் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆகவே இந்தப் படகு நின்றால் வடதுறைக்கு வேறு படகு கிடையாது. முத்தையன் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியும் கிடையாது.

முதல் நாள் பூசை போட்டார்கள். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், படகுக்கு எங்கே வைப்பது என்று பெரிய வாதம் நடந்தது. அது முடிவதற்குள் ஒருவர் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பேட்டரிப் பெட்டியை நோக்கி வந்துவிட்டார். பெட்டிக்குள் தண்ணீர் போகாது என்பது கார்த்திக்குத் தெரியும். அவர் மூடிய பெட்டிதான். ஆனாலும் மனசு கேட்காமல் குறுக்கே பாய்ந்தார். அன்றைக்கு அபிஷேகம் அவருக்குத்தான் நடந்தது. ஊருக்கு அவரை அன்றே பிடித்துப்போனது.

அடுத்தது சத்தம். பேட்டரிப் படகு சத்தமே போடாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஊரோ டீசல் எஞ்சின் டக்டக் என்று கேட்ட பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்படும். புதுப் படகு பூனை மாதிரி வந்தது, போனது. பாதிப் பேர் கரையில் நின்றார்கள். "அந்த டக்டக் சத்தத்த செல்லுல புடிச்சி ஸ்பீக்கர்ல போட்டு வுடுங்க இஞ்சினீரம்மா" என்று யோசனை சொன்னார்கள். கார்த்தி அதைச் செய்யவும் கிளம்பிவிட்டார். நான்தான் ஒரு பித்தளை மணியை வாங்கிக் கட்டச் சொன்னேன். ராசாத்தி புறப்படும் முன் அதை ஆட்டுவார்.

இனி மீட்டர். பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் மீட்டரை ஓட்டுபவர் கண்ணில் படும்படி சின்னதாக வைப்பதுதான் வழக்கம். பஞ்சாயத்துத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சனங்களுக்குத் தெரியணும்ங்க, நம்ம போட்டு கரண்டுல ஓடுதுன்னு" என்றார். கார்த்தியும் அதையேதான் மனசில் வைத்திருந்தார் போலிருக்கிறது. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் ஓடுமே, அந்த அளவுக்கு ஒரு விளக்குப் பலகை செய்து, கூரையின் வலதுபக்கத் தூணில் மாட்டிவிட்டார். முப்பதுக்குக் கீழே போனால் எண் சிவப்பாக மாறும். திறப்பு விழாவில் அதைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

டீசல் படகில் டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. ஆனால் செல்போன் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் சதவீதம் என்றால் என்னவென்று தெரியும். ஆகவே படகில் ஏறியவர்கள் அத்தனை பேரும் பேட்டரி நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். "அறுவதுதான் இருக்கு, சார்ஜர் போடலியா?" என்பார் ஒருவர். "எம் போனு இருவதுக்குக் கீழ போனா பட்டுனு அணைஞ்சிரும்" என்பார் இன்னொருவர். மணி அடிக்காதே, சார்ஜ் போய்விடும் என்று ராசாத்தியிடம் சொன்னவரும் உண்டு. ராசாத்தி பதிலுக்கு இன்னும் இரண்டு தரம் சேர்த்து ஆட்டினார்.

ராசாத்தியிடம் ஊருக்கு ஒரே ஒரு குறைதான். அவருக்கு வெற்றிலை வாசனையே ஆகாது. வெற்றிலை தின்னாத ஆள் ஓட்டினால் மடு தாண்டியது எப்படித் தெரியும்? அவர் வாயால் சொல்லிப் பார்த்தார். யாரும் திருப்தி அடையவில்லை. செல்லம்மா, "வாயால என்னா வேணும்னாலும் சொல்லலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஆவணியில் மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்திருந்தார்கள். துறையில் ஒரு கல்லில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதைத் தண்ணீர் தொட்டால் படகு ஓடக்கூடாது. அன்று காலை தண்ணீர் கோட்டுக்கு நன்றாகக் கீழேதான் இருந்தது. வழக்கமான சோதனைக்காக வந்திருந்த கார்த்தியும் நானும் ஏறிக்கொண்டோம். படகு நிறைய கொடிக்கால் பெண்கள், கூடவே அக்கரையில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவர். உயிர்காப்புச் சட்டைகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மெத்தென்று இருக்கிறது என்று அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆற்றின் நடுவை நெருங்கியபோது இழுப்பு கூடியது. மேலே இன்னும் மதகு திறந்திருக்க வேண்டும். ராசாத்தி படகின் மூக்கை மேற்கே, தண்ணீர் வரும் திசைக்குக் கொஞ்சம் திருப்பி வேகத்தைக் கூட்டினார். சரியாகத்தான் செய்தார். மோட்டார் முழு மூச்சாக இழுக்கும்போது அந்த மீட்டர் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பாரம் குறைந்ததும் பழையபடி ஏறிக்கொள்ளும். படியேறும்போது நமக்கு மூச்சு வாங்குவது மாதிரிதான். எனக்கும் கார்த்திக்கும் இது தெரியும். படகில் வேறு யாருக்கும் தெரியாது.

பூக்கடைக்காரர் உரக்கப் படிக்கத் தொடங்கினார். "அம்பது... நாப்பத்தஞ்சு... என்னாங்க இது, நாப்பது... இருவத்தொம்போது..." எண் சிவப்பானது.

"செவப்பாயிடுச்சி" என்று யாரோ சொன்னார்கள். இடதுபக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மீட்டர் சரியாகத் தெரியாது. அதனால் பார்ப்பதற்காக எழுந்தார்கள். எழுந்தவர்கள் வலதுபக்கம் வந்தார்கள். படகு வலதுபக்கம், தண்ணீர் வரும் பக்கமே சாய்ந்தது. ஆறு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து எல்லோர் காலையும் நனைத்தது. பேட்டரியால் அன்றைக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதைப் பார்க்க எழுந்தவர்களால்தான் ஆபத்து.

உட்காருங்கள் என்று கத்தினேன். எல்லோரும் அடுத்தவரைப் பார்த்து அதையேதான் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் போய் உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. "கார்த்தி, அந்த மீட்டர் ஒயரப் புடுங்கு" என்றேன். பிடுங்கிவிட்டார். பலகை இருண்டது.

அது இன்னும் மோசமாகிவிட்டது. "அணைஞ்சிபோச்சி, போட்டு அணைஞ்சிபோச்சி" என்று ஒரே கூச்சல். டீசல் எஞ்சினாக இருந்தால் அது போடும் சத்தத்திலேயே ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். நம் மோட்டார் தண்ணீருக்கடியில் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, ஒருவர் காதிலும் விழவில்லை. அமைதியான படகு என்று நாம் விளம்பரத்தில் போடுகிறோமே, அந்த அமைதி அன்று எங்களைக் கொன்றிருக்கும்.

"மேடம், திருப்பிரலாமா?" என்றார் கார்த்தி. எனக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் திருப்பினால் படகின் விலா முழுவதும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும். ஏற்கெனவே சாய்ந்திருக்கிற படகு அதைத் தாங்காது. "வேணாம், நேராவே போவட்டும்" என்றேன். ராசாத்தியைப் பார்த்தேன். அவர் சுக்கானை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. செல்லம்மாவைப் பார்த்தார். வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கிற குரலில் கேட்டார்.

"அத்தாச்சி, ஒரு வெத்தலை மடிச்சிக் குடு."

செல்லம்மா நின்றவாக்கில் திரும்பிப் பார்த்தார். ராசாத்தி வெற்றிலை தொடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். மடு இன்னும் வரவே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பிறகு செல்லம்மா தன் இடத்துக்குப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். "வெறும் பாக்கா, போயில வக்கவா?" என்று கேட்டார்.

"எதையாவது வச்சிக் குடு."

அவசரமே இல்லாமல் வெற்றிலையைப் புடவையில் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். மடித்துக் கொடுத்ததை ராசாத்தி வாங்கி வாயில் போட்டு மென்றார்.

ஓட்டுகிறவர் வெற்றிலை போட்டாயிற்று. பழகிய கைகள் தானாகவே இடுப்புக்குப் போயின. நின்றுகொண்டு யாரும் வெற்றிலை மடிக்க முடியாது. மடி வேண்டும், இரண்டு கையும் வேண்டும். ஒருவர் உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்தவர் உட்கார்ந்தார், பிறகு எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பூக்கடைக்காரர்கூடப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஒரு பாக்கு கேட்டார். படகு நிமிர்ந்தது. அவர்கள் மென்றுகொண்டிருக்கும்போதே மடு வந்தது, இழுத்துப் பார்த்தது, தாண்டிவிட்டோம்.

அக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு ராசாத்தி கயிற்றைக் கட்டிவிட்டு நாணலுக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். "வேணும்னே போயிலைய அள்ளி வச்சிருக்கா, பாவி" என்றார். நான் அழுதுவிட்டேன். வயதான இன்ஜினியர் ஆற்றங்கரையில் நின்று அழுதால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். உயிரோடு நின்று அழுவது பெரிய பாக்கியம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூக்கடைக்காரர் இத்தனைக்கும் நடுவில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வீடியோ எடுத்திருந்தார். சாயங்காலத்துக்குள் அரியலூர் மாவட்டத்தில் அதைப் பார்க்காத போன் இல்லை. கூச்சல் கேட்கும், இருண்ட மீட்டர் தெரியும், பிறகு ராசாத்தி வெற்றிலை கேட்பது தெளிவாகக் கேட்கும். சனங்கள் அலறுகிறார்கள், படகோட்டி வெற்றிலை போடுகிறாள் என்று தலைப்பு வைத்து அனுப்பினார்கள். பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். மறுநாளே படகை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கொடிக்கால் பெண்கள் வேலையின்றி வீட்டில் உட்கார்ந்தார்கள். ராசாத்தி கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

விசாரணைக்கு அந்த அதிகாரியே வருவதாகத் தகவல் வந்தது. அவர் வரும் முன் மீட்டரைக் கழற்றி ராசாத்தியின் காலடியில் மாட்டிவிடலாம் என்றார் கார்த்தி. நல்ல யோசனைதான், செய்யவேண்டிய வேலையும் அதுதான். ஆனால் நான் வேண்டாம் என்றேன். கழற்றிவிட்டால் நாம் எதையோ மறைத்த மாதிரி ஆகும், குறை முழுவதும் வெற்றிலை போட்டவர் தலையில் விழும். குறை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், பிடுங்கிய ஒயரை மட்டும் திரும்பச் செருகிவிடலாம், அவர் வந்து பார்க்கட்டும் என்றேன். கார்த்தி அன்று சாப்பிடவில்லை. ராசாத்தியின் வேலையை வைத்து நான் சூதாடுகிறேன் என்று நினைத்தார். அவர் நினைத்ததில் தப்பில்லை, எனக்கும் தூக்கம் வரவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அரசமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மோர் கொடுத்தார்கள். ராசாத்தியைக் கேட்டார்.

"ஆத்துக்கு நடுவுல வெத்தலை கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் சார்."

"படகு ஓட்டும்போது வெத்தலை போடலாமா?"

"மடு தாண்டுறதுக்கு முன்ன போடக் கூடாது சார்."

"பின்ன ஏன் போட்டீங்க?"

"அவுங்க உக்காரணும்னுதான் சார்."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்லம்மா நடுவில் புகுந்து, முத்தையன் காலத்திலிருந்து ஆரம்பித்து, யார் யார் எப்போது வெற்றிலை போட்டார்கள் என்பதையெல்லாம் விளக்கினார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. நான் மீட்டர் ஏன் இறங்குகிறது என்று என் பாஷையில் சொன்னேன். தலையாட்டினார். எல்லாமே சாக்கு சொல்வது மாதிரிதான் இருந்தது, எனக்கே அப்படிப் பட்டது. "சார், ஒருதரம் ஏறி அக்கரை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்றேன்.

தண்ணீர் வெகுவாகக் குறைந்திருந்தது. மடுவில் மட்டும் இழுப்பு இருந்தது. அன்றைக்கு உயிர்காப்புச் சட்டையைப் போடாதவர் ஒருவர் கிடையாது. அதிகாரி இடதுபக்கம், செல்லம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராசாத்தி மணியை ஆட்டிப் புறப்பட்டார். சிரிப்பில்லாத முகம். மடுவை நெருங்கியதும் படகின் மூக்கைத் திருப்பி வேகத்தைக் கூட்டினார். எண் இறங்கியது. சிவப்பானது.

"என்னம்மா, சிவப்பு காட்டுது?" என்று அதிகாரி எழுந்தார். நன்றாகப் பார்ப்பதற்காக வலதுபக்கம் ஓரடி வைத்தார். அவருடன் வந்த உதவியாளரும் எழுந்தார். பெரிய அதிகாரி நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று படகே எழுந்து நின்றது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. படகு சாய்ந்து அதிகாரியின் ஷூவுக்குள் தண்ணீர் போனது.

"சார், உக்காருங்க" என்றார் ராசாத்தி. அதிகாரி காதில் விழவில்லை. கண்ணை மீட்டரிலிருந்து எடுக்கவில்லை. எல்லோரும் என்ன செய்கிறார்களோ அதைத்தான் அவரும் செய்தார்.

"அத்தாச்சி, சாருக்கு ஒரு வெத்தலை மடிச்சிக் குடு."

செல்லம்மா உட்கார்ந்தார். மடித்தார். உட்கார்ந்தபடியே உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு பெண் மரியாதையாக நீட்டும் வெற்றிலையை நின்றுகொண்டு ஒற்றைக் கையால் வாங்க நம் பக்கத்து ஆளுக்கு வராது. அதிகாரி தன்னையறியாமல் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்தது.

அவர் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். தூணில் இருந்த மீட்டரைப் பார்த்தார். பிறகு ராசாத்தி பக்கம் திரும்பி, "மடு தாண்டிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க சார். தாண்டுனதும் சொல்றேன், அப்பறம் போடுங்க."

அவர் அதை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

படகு அடுத்த நாளே ஓடியது. மீட்டர் இப்போது ராசாத்தியின் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, குனிந்தால்தான் தெரியும். அதற்குப் பதிலாக, மோட்டார் சுற்றும்போது மட்டும் எரிகிற சின்னப் பச்சை விளக்கு ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி படகின் இரண்டு பக்கமும் வைத்தோம். அது கார்த்தியின் யோசனை. நீங்கள் இன்று எல்லாப் படகிலும் மாட்டுகிறீர்களே, அதன் பிறந்த கதை இதுதான். ராசாத்திக்குச் சோதனைக் காலம் முடிந்து அனுமதி நிரந்தரமானது. முணுமுணுத்தவர்கள் முதலில் வந்து ஏறுகிறார்கள்.

நீங்கள் இனி எந்தெந்தத் துறைக்கோ போய் எந்தெந்தப் படகையோ மாற்றப் போகிறீர்கள். அளவு எடுக்கும் முன் ஒருதரம் அந்த டீசல் படகில் சும்மா உட்கார்ந்து போய்வாருங்கள். யார் எதைக் கேட்டுப் புறப்படுகிறார்கள், எதைப் பார்த்து எழுகிறார்கள், எதைப் பார்த்து உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள். எஞ்சினைக் கழற்றும்போது அதோடு சேர்த்து எதையெல்லாம் கழற்றுகிறோம் என்று நமக்கு அப்போதுதான் தெரியும்.

வடதுறைக்குப் போனால் மணிக்குப் பக்கத்தில் ஒரு மடித்த வெற்றிலை செருகியிருப்பதைப் பார்ப்பீர்கள். ராசாத்தி அதைத் தின்ன மாட்டார். மடு தாண்டியதும் எடுத்துச் செல்லம்மாவிடம் நீட்டுவார், உடனே எல்லாச் சுருக்குப்பையும் அவிழும். உங்களுக்கும் ஒன்று மடித்துத் தருவார்கள். உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். புகையிலை வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செல்லம்மாவை நம்ப முடியாது.